கோட்டுக்காரர் கடையை விட்டுப் போகும்வரை

மூடி வைத்த எதையும் என் வீட்டுக்காரர் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. ஓவனில் கேக் வேகும்போது பத்துத் தடவை கதவைத் திறப்பார். கேக் நடுவில் குழி விழுந்து வெளியே வரும். மாவு சரியில்லை என்பார். கைப்பிடி உடைந்த கோப்பையைப் பசை தடவி ஒட்டுவார். ஒட்டிய கையோடு பிடித்ததா என்று இழுத்துப் பார்ப்பார். கைப்பிடி தனியாக வரும். பசை மட்டம் என்பார். எங்கள் மகள் விழுந்து முழங்காலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டால், அது ஆறும்வரை அப்பா இருக்கும்போது நீளக் காற்சட்டைதான் போடுவாள்.

இந்த மனிதர்தான் அறுவை சிகிச்சை மருத்துவர். நல்ல மருத்துவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். கத்தி பிடித்தால் கை பிசகாது. நான் மயக்க மருந்து கொடுப்பவள். இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆபரேஷன் தியேட்டர். நோயாளியின் கழுத்துக்கு இந்தப் பக்கம் என் ராஜ்ஜியம், அந்தப் பக்கம் இவருடையது. நடுவில் ஒரு பச்சைத் துணி தொங்கும். வீட்டிலும் அப்படி ஒரு துணி கட்டிக்கொண்டால் என்ன என்று நான் யோசித்ததுண்டு.

அறுத்தால் ரத்தம் வரும். வந்தால் காஸ் துணியை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தியபின் கொஞ்ச நேரம் அதை எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தில்தான் இவர் கோட்டை விடுவார். அப்போதுதான் உறைய ஆரம்பித்திருக்கும் ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். மறுபடி ஒழுகும். மறுபடி அழுத்துவார். மறுபடி பார்ப்பார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் துணிக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடிப்பேன்.

இவரைக் கட்டி மேய்த்தவர் எங்கள் தியேட்டரின் தலைமை நர்ஸ். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா, முதுகுக்குப் பின்னால் மேஜர். ரத்தத்தை மேஜர் மூன்று ஜாதியாகப் பிரித்திருந்தார். "பீச்சறது கோவக்காரன் மாதிரி சார். எங்கேருந்து கத்தறான்னு தெரியும், பிடிச்சுக் கட்டிட்டா அடங்கிடுவான். வழியறதுக்குத் தையல் போடலாம், இல்ல சுட்டு விடலாம். இந்தக் கசியறதுதான் முணுமுணுக்கிற சொந்தக்காரங்க மாதிரி. யாரு, எங்கேருந்துன்னே பிடிபடாது. பேசாம அழுத்தி வெச்சுக்கிட்டு, அவங்களா ஓயற வரைக்கும் இருக்கணும்."

ஓயும்வரை இவரை நிறுத்தி வைக்க மேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். காஸை அழுத்தும் இவர் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு கதை சொல்வார். இவர் கை அசைந்தால் சுள்ளென்று ஓர் அடி விழும். மேஜரின் கணவர் தையல்காரர். அவர் கடைக்கு ஒருவர், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துக்கொண்டு வந்து வந்து சண்டை போடுவாராம். கோட்டு சுருங்கிவிட்டது என்பது அவர் கட்சி. கோட்டு அப்படியேதான் இருக்கிறது என்பது தையல்காரர் கட்சி. தினமும் வழக்கு புதிதாக நடக்கும். ஒரு நாள் கண்ணாடி பொய் சொல்கிறது என்பார். இன்னொரு நாள் அளவு நாடா நீண்டுவிட்டது என்பார். கடைசியில் அவர் கடையை விட்டு வெளியே போவார். அவர் போனபின்தான் மேஜர் கையை எடுப்பார், இவரும் காஸை எடுப்பார். கீழே காய்ந்திருக்கும். சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. எங்கள் தியேட்டரில் அதை யாரும் மதித்ததில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பவுடர் வந்தது. தாவர மாவுச்சத்தில் செய்தது. முகத்துக்குப் போடுவது போல வெள்ளையாக, நைசாக இருக்கும். நீண்ட மூக்கு வைத்த சின்னக் குப்பியில் அடைத்திருப்பார்கள். அமுக்கினால் புஸ்ஸென்று தூவும். ரத்தத்தில் உள்ள தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் கெட்டியாகிச் சீக்கிரம் உறையும். வேலை முடிந்த சில நாட்களில் உடம்பே அதைக் கரைத்துவிடும். மருந்துக் கம்பெனிக்காரர் வந்து விளக்கிய அன்று மாலை இவர் வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

"இனிமே அழுத்திக்கிட்டு நிக்கவே வேணாம்" என்றார்.

"அப்படியா சொன்னாரு அவரு?"

"சொல்ல வந்தாரு. அதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுடுச்சு, எழுந்து வந்துட்டேன்."

இவர் எழுந்து வந்தபின் அந்த மனிதர் சொன்னதை நானும் மேஜரும் உட்கார்ந்து கேட்டோம். தேங்கிய ரத்தத்தை முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். குப்பியின் மூக்கு ஈரத்தில் படக்கூடாது. கசிகிற இடத்துக்குத்தான் இது. பீய்ச்சுகிற ரத்தக்குழாயை முதலில் கட்டியாக வேண்டும். தூவியபின் மேலே ஈரக் காஸ் வைத்து அழுத்தி, பொறுத்திருந்து, மிஞ்சிய பவுடரைக் கழுவி எடுக்க வேண்டும். ஆக, அழுத்துவதும் பொறுப்பதும் எங்கேயும் போகவில்லை.

இவருக்கு அதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். காதில் வாங்கினார், மூளைக்கு அனுப்பவில்லை. அந்த வாரமே, துடித்துத் துடித்துப் பீய்ச்சிய ஒரு குழாயின் மேல் தூவினார். பவுடர் போன வேகத்தில் ரத்தத்தோடு திரும்பி வந்து இவர் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது.

"அதைக் கட்டணும் சார். அலங்காரம் பண்ணக் கூடாது" என்றார் மேஜர்.

இன்னொரு நாள் குப்பியின் மூக்கை ரத்தத்துக்குள்ளேயே விட்டார். அது பசையாகி அடைத்துக்கொண்டது. அமுக்கினார், வரவில்லை. யாராக இருந்தாலும் வேறு குப்பி கேட்பார்கள். இவர் மூக்கைத் தன் பக்கம் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இன்னொரு அமுக்கு அமுக்கினார். அடைப்பு அப்போது பார்த்துத் திறந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பவுடர் போட மாட்டார்கள். குப்பி குப்பைக்குப் போனது, இவர் முகம் கழுவப் போனார். அன்றைக்கே மேஜர் மீதிக் குப்பிகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். கேட்டால் ஒன்று தருவார். இரண்டாவது கேட்டால் அப்படி ஒரு பார்வை பார்ப்பார்.

இந்த மேஜருக்குத்தான் பித்தப்பையில் கல் வந்தது. மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு, மற்றவர்கள் வயிற்றைத் திறக்க ஆயுதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் கத்தரிக்கோலை நீட்டியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் துறையின் பெரிய டாக்டர் தானே செய்வதாகச் சொன்னார். அவர் கை வைத்தால் ஒரு சொட்டு வீணாகாது என்று ஊரே சொல்லும்.

"வேணாம் சார். தம்பி பண்ணட்டும்" என்றார் மேஜர்.

தியேட்டருக்கு வெளியே இவரை மேஜர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் இவர் வீட்டில் எதையும் திறக்கவில்லை. மகள் கேக் செய்தாள். அது முதல் தடவையாக முழுசாக எழும்பி வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. மேஜருக்கு இவர் கையால் ஒன்று ஆகிவிட்டால் இவர் மறுபடி கத்தியைத் தொட மாட்டார். எனக்கும் அக்கா என்று கூப்பிட அந்தக் கட்டிடத்தில் வேறு ஆள் கிடையாது.

முந்தின நாள் வழக்கமான கேள்விகளோடு மேஜரின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களாக்கா?"

"அந்தக் கேள்விய உனக்குக் கத்துக் கொடுத்ததே நான்தான்."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். மற்றவர்களிடம் மூன்று விதமாகத் திருப்பிக் கேட்பேன். மேஜரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை மேஜர் தானே தியேட்டருக்குள் நடந்து வந்தார். தட்டில் ஆயுதங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தார். ஒரு பவுடர் குப்பியை முன்பே எடுத்து வைத்திருந்தார். "இன்னிக்கும் ஒண்ணுதான் சார்" என்றார். பிறகு தன் இடத்தில் நிற்கப்போகும் இளைய நர்ஸைக் கூப்பிட்டார். இந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சரிங்கசார். யார் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான்.

"சார் காஸை எடுக்கப் போனா கையில ஒண்ணு போடணும். புரியுதா?"

"சரிங்கக்கா" என்றாள் அவள். கொசுவைக்கூட அடிக்க மாட்டாள் என்பது அறைக்கே தெரியும்.

மேஜர் மேசையில் ஏறிப் படுத்தார். நான் மருந்தைச் செலுத்தினேன். கடைசியாக அவர் சொன்னது, "விளக்கு கொஞ்சம் இடது பக்கம்." அது உண்மையில் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித்தான் இருந்தது.

பித்தப்பை வீங்கி வீங்கிக் கல்லீரலோடு ஒட்டிக் கிடந்தது. சின்னத் துளை வழியாகக் குழாய் விட்டுச் செய்ய வழியில்லை. வயிற்றைத் திறந்தேதான் செய்தார். அழகாகச் செய்தார். பித்தப்பைக்குப் போகும் குழாய்களைத் தேடிப் பிடித்துக் கிளிப் போட்டார். பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பொறுமையாக உரித்து எடுத்துத் தட்டில் வைத்தார். நான் மூச்சு விட்டேன். அப்புறம்தான் ரத்தம் உறிஞ்சும் சக்‌ஷன் குழாய் சத்தம் போடத் தொடங்கியது.

"என்ன?" என்றேன்.

"கசியுது" என்றார். "எல்லா இடத்துலயும் கசியுது."

உரித்த இடம் முழுவதும் ரத்தம் ஊறி வந்துகொண்டிருந்தது. சுட்டுப் பார்த்தார். சுட்ட இடம் நின்றது, பக்கத்து இடம் ஆரம்பித்தது. வழக்கமாக இந்நேரம் அடங்கியிருக்கும். இவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. குப்பியை வாங்கினார். ஒற்றி எடுக்காமலே தேங்கிய ரத்தத்தின் மேல் முழுக் குப்பியையும் தூவினார். மேலே கஞ்சி போல மிதந்தது, அடியில் ரத்தம் தன்பாட்டுக்கு வந்தது.

"இன்னொண்ணு குடும்மா."

"சரிங்க சார்" என்று அலமாரிக்கு ஓடினாள் சாமான் எடுத்துக் கொடுக்கும் இன்னொரு நர்ஸ். இந்தத் தியேட்டரில் அந்த வார்த்தை தொற்றுநோய். அலமாரி பூட்டியிருந்தது. சாவி மேஜரின் சங்கிலியில். சங்கிலி, நகைகளைக் கழற்றிக் கொடுத்தபோது கணவரிடம் போய்விட்டது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அவள் வெளியே ஓடினாள். இவர் வேறு வழியில்லாமல் காஸை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

ஓடிப் போனவள் சாவியோடு ஒரு செய்தியும் கொண்டு வந்தாள். தையல்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, "முட்டிவலி மாத்திரை கொடுத்தாச்சா? காலையில ரெண்டு போட்டுக்கிட்டா. அது இல்லாட்டி அவ ஒரு படி இறங்க மாட்டா" என்றாராம்.

அந்த மாத்திரை வலியைக் குறைக்கும். ரத்தம் உறைவதையும் குறைக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் அதை நிறுத்தவில்லை என்று மேஜர் எத்தனை நோயாளிகளைத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் கையெழுத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிய தாள் என் எதிரிலேயே தொங்கியது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ரத்தத்துக்கும், அதை உறைய வைக்கும் தட்டணுவுக்கும் சொல்லி அனுப்பினேன். நாடித் துடிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவர் ஒரு கணம் கண்ணை மூடினார். திறந்தபோது வேறு ஆளாக இருந்தார் என்று சொன்னால் பொய். அதே ஆள்தான், நெற்றியில் வியர்வை மட்டும் கூடுதல். ஆனால் கை நிதானத்துக்கு வந்திருந்தது. கஞ்சியைக் கழுவி எடுத்தார். மூலையில் ஒரு சின்னக் குழாய் மெல்லியதாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. இத்தனை நேரம் பவுடருக்கு அடியில் ஒளிந்திருந்திருக்கிறது. அதைப் பிடித்துக் கட்டினார். காய்ந்த காஸால் ஒற்றினார், மறுபடி ஒற்றினார். புதுக் குப்பியின் மூக்கு எதிலும் படாமல் தள்ளிப் பிடித்து, கசிகிற இடமெல்லாம் சீராகத் தூவினார். மேலே ஈரக் காஸ். அதன்மேல் கை.

மேஜர் இருந்தால் இந்நேரம் கோட்டுக்காரர் கடைக்குள் நுழைந்திருப்பார்.

இவர் விரல் லேசாக அசைந்தது. எனக்குத் தெரியும் அந்த அசைவு. ஓவன் கதவுப் பக்கம் போகும்போது வருவது.

"எடுத்துப் பாக்கட்டுமா?" என்றார் சரிங்கசாரிடம்.

அவள் இவரைப் பார்த்தாள். மேஜரின் முகம் இருந்த பக்கம் பார்த்தாள். தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "சரிங்க சார்" என்றாள்.

தன்னைத் தடுக்க இந்த அறையில் ஆள் இல்லை என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒருத்தரு கோட்ட எடுத்துக்கிட்டு தையல் கடைக்கு வந்தாரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"வந்து, கோட்டு சுருங்கிடுச்சுன்னாரு. போட்டுக் காட்டுங்கன்னாரு தையல்காரர். இவரு மூச்ச உள்ள இழுத்துக்கிட்டுப் போட்டாரு. பட்டனும் போட்டுட்டாரு. பாருங்க சரியாத்தானே இருக்குன்னாரு தையல்காரர். கோட்டுக்காரரால பதில் சொல்ல முடியல. வாயத் திறந்தா மூச்சு வெளிய வந்துடும். அதனால தையல்காரர் ஒரு ஸ்டூலப் போட்டு எதிர்ல உக்காந்துக்கிட்டாரு. அவரா மூச்சு விடட்டும்னு."

கதை மேஜர் சொல்வது போல ஓடவில்லை. இவருக்குக் கதை சொல்ல வராது. மகளே சின்ன வயதில் இவர் கதை சொல்ல வந்தால் தூங்கியதாக நடிப்பாள். ஆனாலும் நிறுத்தவில்லை. தையல்காரரை டீ குடிக்க வைத்தார். தெருவில் போன ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட வைத்தார். சாட்சி, தன் காற்சட்டையும் சுருங்கிவிட்டது என்று புது வழக்குப் போட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். நாடி இன்னும் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் இருந்த இடத்திலேயே தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்தக் காஸுக்கு அடியில் என்ன நடக்கிறது? நின்றதா, நிற்கவில்லையா, உள்ளே நிரம்பிக்கொண்டிருக்கிறதா? ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் தெரியாமலே உட்கார்ந்திருப்பாள்? கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக நான் ஸ்டூலிலிருந்து எழுந்து பச்சைத் துணிக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க" என்றேன். தியேட்டரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன், மறந்துபோனது. "ஒரே ஒரு ஓரம். லேசா எடுத்துப் பாத்துட்டு வெச்சுடுங்க."

இவர் நிமிரவில்லை.

"முடியாது" என்றார். "கோட்டுக்காரர் இன்னும் கடைய விட்டுப் போகல."

நான் உட்கார்ந்தேன்.

கோட்டுக்காரர் சாவகாசமாகத்தான் கிளம்பினார். சாட்சியோடு சண்டை போட்டார், தையல்காரரோடு சமாதானம் ஆனார், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார், வாசல்வரை போய் மறந்த குடைக்காகத் திரும்பி வந்தார். அந்தக் குடையை நான் மன்னிக்கவே மாட்டேன். ஒருவழியாகத் தெருவில் இறங்கினார். இவர் சலைனை ஊற்றி நனைத்து, காஸை மெள்ள மெள்ள உரித்தார். யாரும் மூச்சு விடவில்லை, நான் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த மேஜரைத் தவிர.

"காஞ்சிருக்கு" என்றார். "அக்கா, காஞ்சிருக்கு."

அக்காவுக்குக் கேட்டிருக்காது. இவர் மிஞ்சிய பவுடரைக் கழுவி எடுத்து, இன்னொரு தரம் சரிபார்த்து, தைத்து மூடினார். அதன்பின் உடை மாற்றும் அறைக்குப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். நானும் கூடப் போய் அழுதேன். கத்தி வைத்த ஆள்தான் அழ வேண்டும் என்று சட்டமா என்ன.

மறுநாள் வார்டுக்குப் போனபோது மேஜர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சரிங்கசார் எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்திருந்தாள். நான் போன வேகத்தில் மாத்திரை விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அது மாத்திரையா? முட்டிக்குப் போடறது" என்றார் மேஜர்.

"வேற யாராவது இப்படிச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கிழிச்சிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டு, பேச்சை இவர் பக்கம் திருப்பினார். "என் கதைய எடுத்து விட்டியாமே தம்பி. கடைசியில கோட்ட என்ன பண்ணினாரு?"

"கையில போட்டுக்கிட்டுப் போனாருக்கா."

"போட்டுக்கிட்டுத்தான் போவாரு. பட்டன மட்டும் போட மாட்டாரு. சொன்னா ஒழுங்கா சொல்லணும்."

இவர் தலையை ஆட்டினார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பெரிய டாக்டர விட்டுட்டு எதுக்குக்கா இவர?"

மேஜர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "அவரு அழுத்தச் சொன்னா அழுத்திட்டுப் பேசாம நிப்பாரு. எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்க. இத்தனை வருஷத்துல, அப்புறம் என்ன ஆச்சுக்கான்னு கேட்டது இவன் ஒருத்தன்தான்."

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்ததால் மேஜரின் போர்வையைப் பார்த்தேன். போர்வைக்கு அடியில் ஒரு கை அசைந்துகொண்டிருந்தது. மேஜர் எங்களோடு பேசிக்கொண்டே, வயிற்றுக் கட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி, பிளாஸ்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பார்த்துவிட்டார். அத்தனை வருஷம் அடி வாங்கிய கை. ஓங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கட்டிலருகே வந்து, போர்வையை விலக்கி, மேஜரின் கையைக் கட்டின் மேல் படிய வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரு கோட்ட எடுத்துக்கிட்டு தையல் கடைக்கு வந்தாருக்கா" என்றார்.

மேஜர் இவரை முறைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார்.

"சரிங்க சார்" என்றார்.